சாத்த வராத ஜன்னல்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் சாத்த வராது. வீடு கட்டிய மூன்றாவது மழைக்காலத்திலேயே மரம் ஊதிக்கொண்டுவிட்டது. ஒரு கதவு பாதி வழியில் நின்றுவிடும். இன்னொன்று, நான் எதற்கு நகர வேண்டும் என்பதுபோல இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த வழியாகக் கொசு வரும், தெருப்புழுதி வரும், ஐப்பசிச் சாரல் வந்து கடுகு டப்பாவை நனைக்கும். ஆசாரியைக் கூப்பிடச் சொல்லி வருடா வருடம் நான் சொல்வேன், வருடா வருடம் என் கணவர் சரி என்பார். எங்கள் தாம்பத்தியத்தில் இப்படிச் சரி என்ற சொல்லோடு முடிந்துபோன காரியங்கள் நிறைய உண்டு.

இதற்கெல்லாம் விடிவுகாலம் பிள்ளைக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வந்தது. என் பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக்கில் கதவும் ஜன்னலும் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் இருட்டும்போது வீடு திரும்புவான். திரும்பியதும் எங்கள் வீட்டு ஜன்னல்களை ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். ஜன்னல் கம்பெனிக்காரன் வீட்டில் இப்படி ஜன்னல் இருக்கிறதே என்று அவனுக்கு மானம் போனது. காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி, பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னதும் அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. போதாக்குறைக்கு அதே வாரம் போர்டிகோ ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு பலகைத் துண்டு கழன்று என் கணவருடைய ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீடு கட்டும்போது என் கணவர் தானாக விரும்பிக் கேட்டது அது ஒன்றுதான். முன்பக்கச் சாய்வு ஓட்டின் விளிம்பு முழுக்க, வளைவு வளைவாக அறுத்த மரப்பலகை. ஊட்டியில் ஏதோ பங்களாவில் பார்த்தாராம். எங்கள் வேப்பம்பட்டு வெயிலுக்கு ஊட்டி அலங்காரம் எதற்கு என்று அப்போதே கேட்டேன், அவர் காதில் விழவில்லை. கொஞ்ச வருடத்தில் பெயின்ட் உரிந்தது, பிறகு அணில் குடித்தனம் வந்தது, அதற்கும் பிறகு கரையான் வந்து அணிலைக் காலி செய்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டு வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை அடிக்கப் போவதாகப் பிள்ளை சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு விளிம்பு வைத்த மாதிரி இருக்கும் என்றார். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு என் கொசு போனால் போதும்.

"கொசு வராது, தூசி வராது, சத்தம் வராது. வாசனைகூட உள்ள வராதும்மா" என்றான் பிள்ளை. கம்பெனி பேப்பரில் போட்டிருப்பதை அப்படியே ஒப்பித்தான். நானும் தலையாட்டினேன். சமையலறை ஜன்னலுக்கு டேப் வைத்து அளந்தவன் அவன், பக்கத்தில் நின்று அளவைச் சொன்னவர் அவர். இரண்டு பேருக்கும் அது என்ன ஜன்னல் என்று தெரியாது. அந்த ஜன்னல் வழியாக வந்ததை இருபது வருடம் சாப்பிட்டவர்கள்தான். எந்த வழியாக வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. எங்களுக்குப் பின்னால் இருக்கிற வீடு அடுத்த தெருவில், கிழக்குப் பார்த்தது. இரண்டு வீடும் முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் மார்பளவு பொதுச் சுவர், எங்கள் பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சந்து. என் சமையலறை சாஸ்திரப்படி தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரியின் சமையலறையோ, யாரும் அடுப்பு வைக்கத் துணியாத தென்மேற்குக் கன்னி மூலையில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் அங்கேதான் வந்தது, அங்கேயே கட்டிவிட்டார்கள். குடும்பம் விளங்காது என்று ஊரே பயமுறுத்தியதாம். அடுப்பு எங்கே இருந்தால் என்ன, சோறு வெந்தால் சரி என்று அவள் புருஷன் சொல்லிவிட்டாராம். அந்த வாஸ்துக் குற்றத்தால்தான் எங்கள் இரண்டு பேருடைய ஜன்னலும் நேருக்கு நேர் அமைந்தது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் அவர்கள். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வந்து வீடு கட்டியவர்கள். பிள்ளைகள் படித்து முடித்துப் பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள். புருஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பாதி நாள் ஊரிலேயே இருக்கிறார். ஆக, முக்கால்வாசி நேரம் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

குடிவந்த புதிதில் அவள் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டாள். எங்களைப் போன்றவர்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவள், அப்பா மடப்பள்ளியில் இருந்தார். மாமி என்றால் மரியாதை, கூடவே கொஞ்சம் தள்ளி நில் என்ற அர்த்தமும் உண்டு. முதல் வருடம் அவள் நீட்டியதில் வறுத்த வேர்க்கடலையை மட்டும் வாங்கினேன், வறுத்ததில் தோஷமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அடுத்து மாங்காய்த் தொக்கு. ஊறுகாய்க்கும் தோஷமில்லை. அதற்குப் பிறகு கேழ்வரகு அடை வந்தது, கத்தரிக்காய் வதக்கல் வந்தது. தோஷம் எந்த இடத்தில் இறங்கி நடந்து போனது என்று நான் கவனிக்கவில்லை. எங்களுக்குக் கொடுப்பதற்கென்று தனிச் சட்டி வைத்திருந்தாள், நான் கேட்காமலே. அந்தக் கேழ்வரகு அடை காலத்தில்தான் ஒரு நாள், மாமி போய் அக்கா வந்தது. நீங்க போய் நீ வந்தது.

இதற்கெல்லாம் ஒரு டப்பா இருந்தது. தட்டையான எவர்சில்வர் டப்பா. என் ஜன்னல் கம்பிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி, அதில் படுக்க வைத்தால் நுழையாது, கொஞ்சம் சாய்த்தால் நுழையும். அதற்குத் தக்கபடிதான் பண்டம் போடுவோம், ரசம் மட்டும் எங்கள் உறவில் கிடையாது. அவள் தன் பக்கத்துத் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று கையை நீட்டினால் என் கம்பி எட்டும். அந்த டப்பா முதலில் யாருடையது என்று இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. மேலே வெட்டியிருந்த பெயரும் தேய்ந்துவிட்டது. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அவள் வீட்டுப் பழக்கம், என் வீட்டுப் பழக்கமும் அதுதான். புளியோதரை போகும், கடலை உருண்டை வரும். ததியோன்னம் போகும், தொக்கு வரும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் போகும். இந்தக் கணக்கு தீரவே தீராது, தீராமல் இருப்பதுதான் அதில் விஷயம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கருவாடு. வாணலியை அடுப்பில் போடுமுன் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, "இன்னிக்கு நம்மளுதுக்கா" என்பாள். கருவாடு என்று பெயர் சொல்ல மாட்டாள், நம்மளுது என்றால் அதுதான். சொல்லிவிட்டுத் தன் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். என்னுடையதுதான் சாத்த வராதே. அதனால் அவள் சாத்தினாலும் வாசனை சந்து தாண்டி என் அடுப்பு மேடைக்கு வந்து சேரும். முதலில் மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டேன். பிறகு மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் அந்த வாசனை வராவிட்டால் இன்று என்ன கிழமை என்று காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜன்னல் மாற்ற ஆள் வந்தது ஒரு அமாவாசை. வீடு முழுக்கத் தூசி பறக்கும், அடுப்புப் பற்றவைக்க முடியாது என்று நான் திருவள்ளூரில் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டேன். கோயிலுக்கு வருகிற அமாவாசைக் கூட்டத்தில் அவர்களுக்கும் கை தேவைப்பட்டது. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் வீடே வேறு வீடு. முன்பக்கம் வெள்ளைப் பட்டை, கணவர் சொன்னபடியே ஃபிரிட்ஜ்தான். ஹாலில் தள்ளுகிற ஜன்னல், ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. பிள்ளை பெருமையோடு ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினான். நானும் வாய் கொள்ளாமல் பாராட்டினேன். கடைசியில் சமையலறைக்குள் நுழைந்தேன்.

அங்கே ஜன்னலே இல்லை. இருந்தது, ஆனால் இல்லை. கீழே முக்கால் பங்கு திறக்கவே முடியாத, மறுபக்கம் தெரியாத பால் கண்ணாடி, மேலே புகை தள்ளும் காற்றாடிக்கு ஒரு ஓட்டை, அதற்கும் இப்போதைக்கு மூடி. சுற்றிலும் பசை வைத்து ஈ நுழையாமல் அடைத்திருந்தார்கள். சமையலறையில் கண்ணாடி வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், திறக்காத மாதிரி வைத்தால் துடைக்கச் சுலபம் என்று பிள்ளை விளக்கினான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று நேரே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை காபிக்குப் பால் வைக்கும்போது அந்தக் கண்ணாடியில் ஒரு நிழல் வந்தது. கல்மேல் ஏறி நிற்கிற உயரம். நான் கூப்பிட்டேன், கண்ணாடியைத் தட்டினேன். சத்தம் வராது என்று சொன்னது சத்தியமான வார்த்தை. நிழல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கிப் போய்விட்டது.

போன் இருக்கிறதே என்பீர்கள். செய்தேன். இன்னாக்கா என்று ஆரம்பிக்கிறவள், "சொல்லுங்க மாமி" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் வேறு யாருக்கோ போட்டுவிட்டோமோ என்று சந்தேகம். ஜன்னல் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வேலையிருக்கிறது என்று வைத்துவிட்டாள். மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து கூப்பிடேன் என்று கணவர் யோசனை சொன்னார். என் முழங்காலைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். சந்தில் போய் நிற்கலாம் என்றாலோ, பிடுங்கிப் போட்ட பழைய ஜன்னலும் பலகையும் அங்கே கழுத்தளவு கிடந்தன.

டப்பா அப்போது என்னிடம் இருந்தது. அவள் கடலை உருண்டை போட்டு அனுப்பியது. புளியோதரை கிளறி, டப்பாவை நிரப்பிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவுக்கும் அவள் தெருவுக்கும் நடுவே குறுக்குப் பாதை கிடையாது. பெரிய ரோட்டுக்குப் போய், கறிக்கடையைத் தாண்டி, தண்ணீர் கேன் லாரி வழிவிடும்வரை நின்று, திரும்பி வர வேண்டும். கை நீட்டினால் எட்டுகிற வீட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். போகும்போது நல்ல கோபம் எனக்கு. நான் என்னடி செய்தேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

அவள் வாசல் கதவைத் திறந்தாள். "வாங்க மாமி, ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருபது வருடத்தில் அவள் எனக்கு நாற்காலி போட்டதில்லை. ஜன்னலில் எங்கே நாற்காலி போடுவது? கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த பானம் கொண்டுவந்து தட்டில் வைத்து நீட்டினாள். தட்டைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது, பயம் வந்தது. டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது டப்பா கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

என்னடி இது என்று கேட்டேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஜன்னல் போட வந்த ஆள நான்தான் கேட்டேன் மாமி, ஏன்பா இப்டி அடைக்கிறீங்கன்னு. சம்பந்தி ஊட்டுக்காரங்க வராங்க, வெளிய இருந்து ஒரு வாசனகூட உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கன்னான். அது நாயந்தான். நல்ல காரியம் நடக்கிற ஊடு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே செய்யாம இருந்திருப்பனே, எதுக்கு இவ்ளோ பெரிய கண்ணாடி?"

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. நியாயம்தான் என்று அவள் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. கொசுவுக்காகத்தான் என்றேன், பிள்ளை கம்பெனிப் பேச்சைச் சொல்லியிருப்பான் என்றேன், நான் ஊரிலேயே இல்லை என்றேன். எல்லாமே உண்மை, சொல்லச் சொல்லப் பொய் மாதிரியே இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் சரி மாமி, சரி மாமி என்றாள். என் கணவருடைய சரியே பரவாயில்லை.

வெறும் டப்பாவோடு ஊரைச் சுற்றித் திரும்பி வந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிள்ளை உட்கார்ந்ததும், அந்தக் கண்ணாடியை எடு என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். திறக்கிற மாதிரி வேறொன்று செய்து வர நாளாகும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது என்றான். பழையதையே வை என்றேன். வீடு முழுக்கப் புது வெள்ளை ஜன்னல் இருக்க, ஒன்று மட்டும் பச்சைப் பெயின்ட் மர ஜன்னலா, பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான்.

"கருவாடும் கடலை உருண்டையும் எந்த வழியா வந்ததுன்னு நீ நினைச்சிண்டிருந்தே?" என்று கேட்டேன். கருவாடு எப்போது வந்தது என்று திகைத்துப் போனான். வாசனை வந்ததுடா என்றேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், டப்பா, சாய்த்து நுழைப்பது, மாமி, அக்கா. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுக்குப் பரீட்சைக் காலத்தில் தினம் தினம் வந்த கேழ்வரகு அடை நான் சுட்டதில்லை என்று அன்றுதான் அவனுக்குத் தெரியும். எழுந்து கை கழுவிவிட்டு ஜன்னல் போட்ட ஆளுக்குப் போன் செய்தான்.

அந்த ஆள் வந்து சந்தில் கிடந்த குப்பையைப் புரட்டினார். ஹால் ஜன்னல் சட்டத்தைத் தூக்கியதும் கையிலேயே மாவாக உதிர்ந்தது. படுக்கையறை ஜன்னலும் அப்படித்தான். சமையலறை ஜன்னல் மட்டும் கல் மாதிரி இருந்தது. இருபது வருடத் தாளிப்புப் புகையும் எண்ணெயும் ஏறி, கரையான் வாயே வைக்கவில்லை. என் கணவருக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. குவியலைக் கிளறித் தன்னுடைய வளைவுப் பலகையில் நன்றாக இருந்த ஒரு முழத் துண்டைத் தேடியெடுத்தார். சமையலறை ஜன்னலுக்கு மேலே சாரல் அடிக்காமல் இருக்க அதை அடிக்கச் சொன்னார். ஊட்டி பங்களா கடைசியில் சந்துக்குள் வந்து சேர்ந்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய ஜன்னலை வைக்கிற விஷயத்தில் அவரும் என் பக்கம் பேசியிருந்தார்.

பழைய ஜன்னல் பழைய இடத்தில் ஏறிவிட்டது. முன்பு போலவே சாத்த வரவில்லை, அதைச் சோதித்துப் பார்த்தது நான்தான். ஆனால் ஜன்னல் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். டப்பாவில் ததியோன்னம் போட்டு நீட்டினேன். கல்மேல் ஏறி வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழுவித் துடைத்த வெறும் டப்பா கம்பி வழியாக வந்தது. ஜன்னல் நன்றாக இருக்கிறது மாமி என்றாள். அடுத்த நாள் கொழுக்கட்டை போனது, வெறும் டப்பா வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் கரண்டி தட்டவில்லை. பகல் முழுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு வாசனையும் இல்லை. அவள் எங்களுக்காகக் கருவாட்டை விட்டுவிட்டாள். கண்ணாடியை எடுக்கலாம், மரியாதையை எப்படி எடுப்பது?

பெண் வீட்டார் வருவது அதற்கு அடுத்த ஞாயிறு என்று மாறியிருந்தது. அன்று காலை சர்க்கரைப் பொங்கல் செய்து முதலில் டப்பாவில் போட்டு நீட்டினேன். நல்லபடியா முடியட்டும் மாமி என்று வாங்கிக்கொண்டாள். இன்று நீ வழக்கம்போலச் சமைத்துக்கொள் என்று சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமாகவா, பேசாமல் இருங்கள் என்று இறங்கிப் போய்விட்டாள். டப்பா மட்டும் திரும்பவில்லை. அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

பெண்ணின் அப்பா அம்மா வந்தார்கள். பிற்பாடு எனக்குச் சம்பந்தியான அந்த அம்மாள் ஆசாரக்காரி என்பது புடவைக் கட்டிலேயே தெரிந்தது. ஹாலில் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார்கள், பிள்ளை விளக்கம் சொன்னான். பேச்சு நன்றாகத்தான் போனது. சமையலறையையும் பார்க்கிறேனே என்று அந்த அம்மாள் எழுந்து என்னோடு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். பச்சை ஜன்னலில் கண் நின்றது.

அந்த நேரம் பார்த்து வந்தது வாசனை. இரண்டு வாரத்துப் பட்டினிக்கும் சேர்த்து வைத்த மாதிரி ஒரே அலையாக வந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. ஊரிலிருந்து புருஷன் வந்திருக்கிறார். அவருக்கு இந்த இரண்டு வாரக் கதை எதுவும் தெரியாது. கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை, அவள் குளிக்கப் போன நேரம், ஆசையாகத் தானே எடுத்து வாணலியில் போட்டுவிட்டார்.

"இன்னிக்குப் போயி இத்த யாருய்யா அடுப்புல வெக்கச் சொன்னது?" என்று அவள் கத்தினாள். பாத்திரம் விழுந்தது, அவள் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. ஈரத் தலையோடு ஓடிவந்து கல்மேல் ஏறினாள். கம்பிக்கு வெளியே அவள் முகம் தெரிந்தது. "மாமி, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தவள், என் பக்கத்தில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பெண்ணின் அம்மா தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். இது எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டாள்.

என் பிள்ளை கல்யாணம் ஒரு பக்கம் காத்திருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை.

"நம்மளுதுதான்" என்றேன். "ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான் இருக்கும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். சாத்திக்கொள்ளக் கூடாதோ என்று மெதுவாகக் கேட்டாள். இது சாத்த வராது என்றேன். திரும்பிப் பார்த்தால் கல்மேல் யாரும் இல்லை. காபிக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் மேடைப் பக்கம் திரும்பி நின்றேன். பெண்ணின் அம்மா தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்தது என்ன நடக்கப்போகிறது என்று பார்ப்பவள்போல நின்றாள்.

வளையல் சத்தம் கேட்டது. கம்பிக்கு நடுவே டப்பா சாய்ந்து நுழைந்தது.

"அக்கா, இந்தா, புடி. வந்தவங்களுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கிறேன், நம்ம தனிச் சட்டில செஞ்சது" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கினேன். கடலை உருண்டை, மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது.